எனக்கென்று ஒரு பயிற்சித் திட்டம்

சென்ற ஆண்டு ஜனவரி முதல் நாள் என் நாட்குறிப்பில் இரண்டு வரிகள் எழுதினேன். 'தினமும் காலை ஒரு மணி நேரம் நடப்பேன். மூன்று மாதத்தில் 8 கிலோ எடை குறைப்பேன்.' அதற்கு முந்தைய வாரம்தான் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தப் பரிசோதனை செய்திருந்தேன். வெறும் வயிற்றில் சர்க்கரை 118 இருந்தது. "இன்னும் சர்க்கரை நோய் வந்துடல டீச்சர். ஆனா வாசல்ல வந்து நிக்குது. நடக்க ஆரம்பிங்க" என்றார் மருத்துவர். எனக்கு வயது 46. என் அம்மா சர்க்கரை நோயால் ஒரு கால்விரலை இழந்தவர். பயம் இருந்தது. புதுக் காலணி வாங்கினேன். விடியற்காலை 5 மணிக்கு அலாரம் வைத்தேன்.

ஒன்பதாம் நாள் நடை நின்றுபோனது. அன்று குடிநீர்க் குழாயில் தண்ணீர் வரும் முறை. மறுநாள் மகனுக்குக் காய்ச்சல். அதற்கடுத்த நாள் அலாரம் அடித்தது, நான் எழவில்லை. 'இனிமேல் எதற்கு?' என்று தோன்றிவிட்டது. காலணி பெட்டிக்குள் போனது.

நான் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் பட்டதாரி ஆசிரியை. உடல்நலம் பற்றிய பாடத்தை ஆண்டுதோறும் நடத்துகிறேன். 'உடற்பயிற்சியின் நன்மைகள் யாவை?' என்ற வினாவுக்கு என் மாணவர்கள் ஐந்து குறிப்புகள் எழுதி முழு மதிப்பெண் வாங்குவார்கள். நன்மைகள் எனக்கும் தெரியும். தெரிந்தும் ஒன்பதாம் நாள் ஏன் நின்றது என்ற கேள்விக்குத்தான் என்னிடம் விடை இல்லை. அந்த விடையை ஒன்பதாம் வகுப்பு மாணவர்களோடு சேர்ந்து எட்டு வாரத்தில் கற்றுக்கொண்டேன். அதைத்தான் இங்கே பகிர்கிறேன்.

வேப்பமரத்தடியில் ஒரு மாணவி

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் எங்கள் உடற்கல்வி ஆசிரியர் உடல்தகுதிச் சோதனைகளை நடத்தினார். 50 மீட்டர் ஓட்டம், 600 மீட்டர் ஓட்டம், தண்டால், உட்கார்ந்தபடி முன்னால் குனிந்து விரல் நுனியால் எட்டுதல் போன்றவை. 600 மீட்டரில் ஒரு மாணவி மூச்சு வாங்கிக்கொண்டு கடைசியாக வந்து சேர்ந்தாள். எல்லைக்கோட்டில் நின்ற சில மாணவர்கள் கைதட்டிச் சிரித்தார்கள்.

அதன்பிறகு விளையாட்டுப் பாடவேளை வந்தாலே அவளுக்கு வயிற்று வலி வந்துவிடும். வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்பாள். மூன்றாவது வாரம் நான் அருகில் போய் உட்கார்ந்தேன். "நமக்கெல்லாம் இது வராது டீச்சர்" என்றாள். 14 வயதில் ஒரு குழந்தை தன் உடலைப் பற்றி முடிவு கட்டிவிட்டது. பெட்டிக்குள் கிடந்த என் காலணி நினைவுக்கு வந்தது. நானும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

உடற்கல்வி ஆசிரியரிடம் பேசினேன். "சோதனையில தப்பு இல்ல டீச்சர். வந்த எண்ணை வச்சு அடுத்து என்ன செய்யணும்னு நாம பிள்ளைங்களுக்குச் சொல்லித் தர்றதில்ல. ரிஜிஸ்டர்ல எழுதி மூடி வச்சிடறோம்" என்றார். அந்தப் பேச்சிலிருந்துதான் திட்டம் பிறந்தது. ஒன்பதாம் வகுப்பில் உள்ள 38 பேரும் ஆளுக்கொரு பயிற்சித் திட்டம் தாங்களே எழுதுவது. எட்டு வாரம் செய்து பார்ப்பது. 39ஆவது ஆளாக நானும் சேர்ந்தேன்.

திட்டம் எங்கே முறிகிறது?

முதல் நாள் என் ஜனவரி வரிகளை அப்படியே கரும்பலகையில் எழுதி, "இது ஒன்பது நாளில் நின்றுவிட்டது. ஏன் என்று கண்டுபிடியுங்கள்" என்றேன். ஆசிரியர் தோற்ற கதை என்றால் வகுப்புக்குத் தனி உற்சாகம்தான். குழுவாகப் பேசி நான்கு காரணங்கள் சொன்னார்கள்.

ஒன்று, அதுவரை நடக்காதவர் திடீரென்று ஒரு மணி நேரம் நடக்கப் போயிருக்கிறார். இரண்டு, காலை 5 மணி டீச்சருடைய நேரம் அல்ல. அது சமையலுக்கும் தண்ணீருக்கும் உரிய நேரம். மூன்று, எடை குறைவது டீச்சர் கையில் இல்லை. நடப்பது கையில் இருக்கிறது. எட்டுக் கிலோ குறையுமா என்பது உணவு, தூக்கம், வயது, உடல்வாகு என்று பலவற்றைப் பொறுத்தது. நான்கு, ஒரு நாள் தவறினால் என்ன செய்வது என்று திட்டத்தில் ஒரு வார்த்தை கூட இல்லை.

மூன்றாவது காரணத்தைச் சற்று விளக்க வேண்டும். இலக்குகளில் இரண்டு வகை உண்டு. 'எட்டுக் கிலோ குறைப்பேன்' என்பது விளைவைக் குறிக்கும் இலக்கு. 'வாரம் 4 நாள் 10 நிமிடம் நடப்பேன்' என்பது செயலைக் குறிக்கும் இலக்கு. விளைவு தாமதமாக வரும். சில வேளை வராமலும் போகும். செயலை அன்றன்றே முடித்துக் குறி போடலாம். தொடங்கும் நிலையில் இருப்பவருக்குச் செயல் இலக்கே ஊன்றுகோல். இந்த ஒரு வேறுபாட்டை மாணவர்கள் பிடித்துக்கொண்டால் மற்றவை எளிதாகிவிடும்.

முதல் படி: இருக்கும் இடத்தை அறிதல்

திட்டம் எழுதும் முன் இரண்டு விவரங்கள் தேவை. என் நாள் எப்படிப் போகிறது? என் உடல் இப்போது எந்த நிலையில் இருக்கிறது?

முதல் கேள்விக்காக 24 கட்டங்கள் கொண்ட ஒரு தாளில் ஒரு பள்ளி நாளையும் ஒரு விடுமுறை நாளையும் மணிவாரியாக நிரப்பினோம். ஒரு மாணவன் தினமும் மாலையில் ஆடு ஓட்டிக்கொண்டு வெகுதூரம் நடக்கிறான். ஒரு மாணவி அடிகுழாயிலிருந்து பத்துக் குடம் தண்ணீர் சுமக்கிறாள். இவையும் உடலுழைப்புதானா என்று கேட்டார்கள். ஆம், உழைப்புதான். 1953இல் ஜெரி மாரிஸ் என்ற மருத்துவரும் குழுவினரும் லண்டன் மாடிப் பேருந்துகளில் செய்த ஆய்வை அப்போது சொன்னேன். நாள் முழுதும் உட்கார்ந்து ஓட்டும் ஓட்டுநர்களைவிட, மாடிப்படி ஏறி இறங்கிப் பயணச்சீட்டு கொடுத்த நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவாக இருந்தது. நடத்துநர் யாரும் உடற்பயிற்சி என்று நினைத்துப் படி ஏறவில்லை. உடல் அந்த உழைப்பைக் கணக்கில் எடுத்துக்கொண்டது. ஆடு மேய்க்கும் மாணவனுக்கு அன்று முகத்தில் ஒரு பெருமை. நடை அவனுக்குப் போதுமானது. அவனுக்கு வேண்டியது வேறு என்று பிறகு பார்த்தோம்.

என் தாளை நிரப்பியபோது எனக்கே வியப்பு. பள்ளி 4.15க்கு முடிகிறது. என் பேருந்து 4.55க்கு. தினமும் 40 நிமிடம் நிழற்குடையில் உட்கார்ந்து கைபேசியைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நேரமே இல்லை என்று நான் சொல்லிவந்தது முழு உண்மை அல்ல.

இரண்டாவது கேள்விக்காக எளிய நான்கு அளவுகள் எடுத்தோம். ஓய்வாக உட்கார்ந்திருக்கும்போது நாடித்துடிப்பு (15 விநாடிக்கு எண்ணி நான்கால் பெருக்கல்). 10 நிமிடத்தில் மைதானத்தை எத்தனை சுற்று நடக்கவோ ஓடவோ முடிகிறது. 30 விநாடியில் நாற்காலியிலிருந்து எத்தனை முறை கையூன்றாமல் எழுந்து உட்கார முடிகிறது. கால் நீட்டி உட்கார்ந்து குனிந்தால் விரல் எதுவரை எட்டுகிறது. இதற்கு ஒரு கடிகாரமும் ஓர் அளவுகோலும் போதும். என் எண்கள்: நாடி 86, எங்கள் 200 மீட்டர் மைதானத்தில் மூன்று சுற்று, நாற்காலி 11 முறை, விரல் கணுக்கால் வரை.

இங்கே ஒரு விதி வைத்தோம். யாருடைய எண்ணையும் உரக்கப் படிப்பதில்லை. இருவர் இருவராகச் சேர்ந்து அளந்து, அவரவர் தாளில் அவரவர் எழுதிக்கொள்ள வேண்டும். எடையை இதில் சேர்க்கவே இல்லை. எட்டு வாரம் கழித்து ஒப்பிடப் போவது இந்தத் தாளோடு மட்டும்தான், பக்கத்து மேசையோடு அல்ல என்று முதலிலேயே சொல்லிவிட்டோம். வேப்பமரத்தடி மாணவி அன்று வயிற்று வலி சொல்லவில்லை.

இரண்டாம் படி: இலக்கை எழுதுதல்

1981இல் ஜார்ஜ் டோரன் என்பவர் நிர்வாகத் துறைக்காக எழுதிய ஒரு கட்டுரையில் நல்ல இலக்குக்குரிய ஐந்து அடையாளங்களைத் தொகுத்துச் சொன்னார். 'ஸ்மார்ட்' என்ற பெயரில் அது பின்னர் பல துறைகளுக்கும், கல்விக்கும், பரவியது. வகுப்பில் அதையொட்டி ஐந்து கேள்விகளாக மாற்றிக்கொண்டோம்.

என்ன செய்வேன் என்று தெளிவாக இருக்கிறதா?
எண்ணிப் பார்க்க முடிகிறதா?
இப்போதுள்ள என் நிலையில் முடியுமா?
என் வாழ்க்கைக்கும் விருப்பத்துக்கும் பொருந்துகிறதா?
எப்போது வரை என்று நாள் குறித்திருக்கிறேனா?

மாணவர்கள் முதலில் எழுதியவை எப்படி இருந்தன தெரியுமா? 'நன்றாக உடற்பயிற்சி செய்வேன்.' 'சிக்ஸ் பேக் வைப்பேன்.' 'இந்திய கபடி அணியில் ஆடுவேன்.' எதையும் அடிக்கவில்லை. ஐந்து கேள்விகளையும் பக்கத்தில் வைத்துத் திருத்தி எழுதச் சொன்னேன். கபடி மாணவன் தயங்கினான். "கனவு இருக்கட்டும். அதை மேலே பெரிய எழுத்தில் எழுது. இந்த எட்டு வாரத்தில் அதற்காக என்ன செய்வாய் என்று கீழே எழுது" என்றேன். 'வாரம் 3 நாள், காலையில், தண்டால் 10 வீதம் 2 முறை, பஸ்கி 15 வீதம் 2 முறை எடுப்பேன். ஆகஸ்ட் கடைசிக்குள் தண்டாலை 15 ஆக்குவேன்' என்று எழுதினான்.

இலக்கில் வரும் எண் எங்கிருந்து வந்தது என்று கேட்கப் பழக்குவதும் நல்லது. ஒருவன் 'தினமும் 10,000 அடி நடப்பேன்' என்று எழுதியிருந்தான். அந்த எண்ணுக்கு ஒரு கதை உண்டு. டோக்கியோ ஒலிம்பிக் முடிந்த மறு ஆண்டு, 1965இல், ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவிக்குப் 'பத்தாயிரம் அடிமானி' என்ற பொருளில் பெயர் வைத்தார்கள். ஆய்விலிருந்து வந்த எல்லைக்கோடு அல்ல அது. விற்பனைக்கு வைத்த பெயர். 3,000 அடி நடப்பவருக்கு 4,000 அடி நல்ல இலக்கு. அவரிடம் 10,000 கேட்டால் என் ஒன்பதாம் நாள்தான் அவருக்கும் வரும்.

வேப்பமரத்தடி மாணவி எழுதிய இலக்கு இது: 'வாரம் 4 நாள், சாயங்காலம், எங்கள் வீட்டு வாசலில், தங்கச்சியோடு 5 நிமிடம் கயிறு தாண்டுவேன்.' அவளால் அப்போது நிற்காமல் 11 முறை தாண்ட முடிந்தது. ஏன் கயிறு என்று கேட்டேன். "அங்க யாரும் பார்க்க மாட்டாங்க டீச்சர். அதோட அது எனக்குப் பிடிக்கும்" என்றாள். பெரியவளான பிறகு வாசலைத் தாண்டி விளையாட அனுப்பாத வீடுகள் இன்னும் இருக்கின்றன. அந்த வாசலுக்குள் அடங்கும் திட்டமாக இருந்தால்தான் அவளால் அதைச் செய்ய முடியும்.

மூன்றாம் படி: எத்தனை நாள், எவ்வளவு கடுமை, எவ்வளவு நேரம், எந்த வகை

பயிற்சித் திட்டத்தை உடற்கல்வித் துறையில் இந்த நான்கு கேள்விகளால்தான் வகுக்கிறார்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல் இதற்கு உதவுகிறது. 5 முதல் 17 வயது வரையுள்ளோர் சராசரியாக நாளுக்கு 60 நிமிடம் மிதமானது முதல் கடுமையானது வரையிலான உடலியக்கம் பெற வேண்டும். தசையையும் எலும்பையும் வலுவாக்கும் செயல்கள் வாரத்தில் குறைந்தது 3 நாள் இருக்க வேண்டும். நம்மைப் போன்ற பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலியக்கம், அல்லது 75 முதல் 150 நிமிடம் கடுமையான உடலியக்கம். அதோடு தசைப் பயிற்சி 2 நாள். முன்பு தொடர்ச்சியாக 10 நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்றிருந்தது. 2020இல் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். மாடிப்படி ஏறும் இரண்டு நிமிடமும் கணக்கில் சேரும். கொஞ்சமாவது செய்வது ஒன்றும் செய்யாததைவிட மேல் என்பதே அதன் அடிப்படை.

கடுமையை அளக்கக் கருவி வேண்டாம். பேசிப் பார்த்தால் போதும். பேச முடிகிறது, பாட முடியவில்லை என்றால் மிதமான பயிற்சி. இரண்டு மூன்று சொற்களுக்கு ஒருமுறை மூச்சு வாங்க வேண்டியிருந்தால் கடுமையான பயிற்சி. பாட்டே பாட முடிகிறது என்றால் வேகம் போதவில்லை. மைதானத்தில் இதைச் செய்து பார்த்தபோது வகுப்பு முழுவதும் பாடிக்கொண்டே ஓடியது; அன்றைய சிரிப்பு யாரையும் புண்படுத்தாத சிரிப்பு.

வகை என்பதில் மூன்று தேவைகள் உள்ளன. இதயத்துக்கும் மூச்சுக்கும் நடை, ஓட்டம், மிதிவண்டி, கயிறு தாண்டுதல். வலிமைக்குத் தண்டால், பஸ்கி, கரலாக்கட்டை. நெகிழ்வுக்கு யோகாசனங்களும் தசைகளை நீட்டும் பயிற்சிகளும். ஆடு மேய்க்கும் மாணவனுக்கு முதல் தேவை நிறைவேறியிருந்தது. குனிந்தால் விரல் முழங்காலுக்குக் கீழே போகவில்லை. அவன் நெகிழ்வுப் பயிற்சியைத் தேர்ந்துகொண்டான். ஒரு காலில் பலவீனம் உள்ள மாணவன், சிறப்பாசிரியரின் ஆலோசனையோடு, நாற்காலியில் உட்கார்ந்தபடி தண்ணீர் நிரப்பிய ஒரு லிட்டர் பாட்டில்களைத் தூக்கும் பயிற்சியை எழுதினான். அந்த 2020 வழிகாட்டுதலில் மாற்றுத்திறனாளிகளுக்கும் தனிப் பரிந்துரை உண்டு. ஓரமாக உட்கார்ந்து மற்றவர்களின் செருப்பைப் பார்த்துக்கொள்வது அவனுடைய வேலை அல்ல.

படிப்படியாகக் கூட்டுவது பற்றிச் சொல்ல நம்மிடமே நல்ல எடுத்துக்காட்டு இருக்கிறது. தென் மாவட்டக் கிராமங்களில் கிடக்கும் இளவட்டக்கல்லை எடுத்த எடுப்பில் யாரும் தோளுக்குக் கொண்டுபோவதில்லை. முதலில் குத்தவைத்து நகர்த்தி, முழங்காலுக்கு ஏற்றி, நெஞ்சோடு அணைத்து, பிறகுதான் தோள். பயிற்சியும் அப்படித்தான். நாள், நேரம், வேகம் மூன்றையும் ஒரே வாரத்தில் கூட்டக் கூடாது. ஒன்றைக் கூட்டினால் மற்ற இரண்டும் அப்படியே இருக்கட்டும். இப்படித்தான் என் திட்டத்தை எழுதினேன்.

முதல் 2 வாரம்: வாரம் 4 நாள், 4.20 மணிக்குப் பள்ளி மைதானத்தில், நாளுக்கு 10 நிமிடம் நடை.
3, 4ஆம் வாரம்: அதே 4 நாள், 15 நிமிடம்.
5, 6ஆம் வாரம்: அதே 4 நாள், 20 நிமிடம். 2 நாள் மட்டும் வீட்டில் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருதல் 10, சுவரில் கையூன்றித் தண்டால் 8.
7, 8ஆம் வாரம்: நடை 25 நிமிடம். மற்றவை அப்படியே.

எட்டாம் வாரத்தில் மொத்தம் 100 நிமிடம்தான் ஆகிறது. 150ஐத் தொடவில்லையே என்று ஒரு மாணவி கேட்டாள். "பூஜ்யத்திலிருந்து 100" என்றேன்.

நான்காம் படி: தடை வந்தால் என்ன செய்வேன்?

பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் 1999இல் எழுதிய ஒரு கட்டுரையில், 'செய்வேன்' என்று மட்டும் உறுதி எடுப்பவர்களைவிட 'இது நேர்ந்தால் இதைச் செய்வேன்' என்று முன்கூட்டியே முடிவு செய்பவர்கள் அதிகம் நிறைவேற்றுகிறார்கள் என்று காட்டினார். தடை வரும் நேரத்தில் நாம் யோசிக்கும் நிலையில் இருப்பதில்லை. விடையை முன்பே எழுதி வைத்துவிட்டால் யோசிக்க வேண்டியதில்லை.

ஒவ்வொருவரும் மூன்று வாக்கியங்கள் எழுதினார்கள். 'மழை பெய்தால், திண்ணையில் தசை நீட்டும் பயிற்சி செய்வேன்.' 'அம்மா கடைக்கு அனுப்பினால், ஓட்டமும் நடையுமாகப் போய் வருவேன்.' 'மாதவிடாய் நாளில் வலி இருந்தால் ஓய்வெடுப்பேன். அதைத் தவறிய நாளாக எண்ண மாட்டேன்.' கடைசி வாக்கியத்தை எழுதிய மாணவியைத் தனியாகப் பாராட்டினேன். என் வாக்கியம்: 'பள்ளியில் கூட்டம் நடந்து நேரம் போய்விட்டால், இரவு உணவுக்கு முன் மொட்டை மாடியில் 10 நிமிடம் நடப்பேன்.'

காலியாக இருந்த கட்டங்கள்

வகுப்புச் சுவரில் ஒரு பெரிய தாள் ஒட்டினோம். ஒருவருக்கு ஒரு வரிசை, வாரத்துக்கு ஒரு கட்டம். பெயர்கள் இல்லை, அவரவர் தேர்ந்த ஒரு சின்னம் மட்டும். என் சின்னம் மட்டும் எல்லோருக்கும் தெரியும். எத்தனை தண்டால், எத்தனை சுற்று என்பதெல்லாம் சுவரில் வராது. அந்த வாரம் சொன்னபடி செய்தால் கட்டத்துக்கு வண்ணம், அவ்வளவுதான்.

முதல் மூன்று வாரம் நன்றாகப் போனது. நான்காம் வாரம் மூன்று நாள் பயிற்சி வகுப்பு, அதோடு உறவினர் வீட்டுத் திருமணம். என் மொட்டை மாடி வாக்கியமும் கைகொடுக்கவில்லை. ஐந்தாம் வாரமும் தொடங்கவில்லை. காலையில் வகுப்புக்குள் நுழையும்போது அந்தச் சுவரைப் பார்க்காமல் நடந்தேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

வெள்ளிக்கிழமை ஒரு மாணவன் எழுந்து, "டீச்சர், உங்க கட்டம் ரெண்டு காலியா இருக்கு" என்றான். வகுப்பு அமைதியானது. "ஆமாம். ரெண்டு வாரம் நடக்கல. திங்கள்கிழமை திரும்ப ஆரம்பிக்கிறேன். 20 நிமிடத்திலிருந்து இல்ல, 10 நிமிடத்திலிருந்து" என்றேன். எட்டு வாரத் திட்டம் பத்து வாரம் ஆகும் என்று எழுதித் தாளில் கூடுதலாக இரண்டு கட்டங்கள் வரைந்தேன்.

மணி அடித்ததும் கயிறு தாண்டும் மாணவி மேசைக்கு வந்தாள். "எனக்கும் மூணு வாரமா காலி டீச்சர். தங்கச்சிக்கு அம்மை போட்டிருந்துச்சு. திட்டினாலும் திட்டுவீங்கன்னு சொல்லல. நானும் முதல்ல இருந்து ஆரம்பிக்கலாமா?"

அன்று அவளோடு சேர்த்து ஆறு பேர் கூடுதல் கட்டம் வரைந்துகொண்டார்கள். நான் எல்லாக் கட்டத்துக்கும் வண்ணம் தீட்டியிருந்தால் அந்த ஆறு பேரும் வாய் திறந்திருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன். தவறிய பிறகு எங்கிருந்து, எவ்வளவு குறைவாகத் திரும்பத் தொடங்குவது என்பதும் திட்டத்தின் ஒரு பகுதி. என் ஜனவரித் திட்டத்தில் இல்லாமல் போனது அதுதான்.

வகுப்பறையில் நடத்த

நான்கு பாடவேளைகளும், வெள்ளிக்கிழமைதோறும் ஐந்து நிமிடமும் போதும்.

முதல் பாடவேளை: முறிந்துபோன ஒரு திட்டத்தை ஆராய்தல், 24 மணி நேரத் தாள் நிரப்புதல்.
இரண்டாம் பாடவேளை: மைதானத்தில் நான்கு அளவுகள், பேசிப் பார்க்கும் சோதனை. உடற்கல்வி ஆசிரியர் இருந்தால் அவர் வழிநடத்தலாம். இல்லாத பள்ளியிலும் செய்யலாம்.
மூன்றாம் பாடவேளை: ஐந்து கேள்விகளால் இலக்கைத் திருத்தி எழுதுதல்.
நான்காம் பாடவேளை: வாரத் திட்டமும் 'நேர்ந்தால்' வாக்கியங்களும், துணைக்கு ஒரு தோழர்.
வெள்ளிக்கிழமை: வண்ணம் தீட்டுதல், 'இந்த வாரம் எது உதவியது, எது தடுத்தது?' என்று இருவர் பேசிக்கொள்ளுதல்.
நான்காம் வாரம்: திட்டத்தை மாற்ற அனுமதி. மாற்றுவதைத் தோல்வி என்று யாரும் சொல்லக் கூடாது.
எட்டாம் வாரம்: அதே நான்கு அளவுகள் மீண்டும்.

கணக்கு ஆசிரியர் நாடித்துடிப்புகளைக் கொண்டு சராசரியும் வரைபடமும் நடத்தினார். பெயரில்லா எண்கள் என்பதால் சங்கடம் இல்லை. தமிழாசிரியர் திட்டக் குறிப்பை நாட்குறிப்பு எழுதும் பயிற்சியாக்கினார். மதிப்பெண் மட்டும் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் பொய்யான வண்ணங்கள்தான் கூடியிருக்கும்.

கவனத்தில் கொள்ள

பயிற்சிக்கு முன் 5 நிமிடம் மெதுவான நடையும் மூட்டுகளை அசைத்தலும், முடிந்ததும் 5 நிமிடம் தளர்வும் வேண்டும். புதிதாகத் தொடங்கினால் மறுநாளும் அதற்கடுத்த நாளும் தசை வலிப்பது இயல்பு. மூட்டில் குத்தும் வலி, நெஞ்சுவலி, தலைசுற்றல் வந்தால் உடனே நிறுத்த வேண்டும். உச்சி வெயிலில் பயிற்சி வேண்டாம். அருகில் குடிநீர் இருக்க வேண்டும். இதயக் கோளாறு, வீசிங், கடுமையான இரத்தசோகை உள்ள மாணவர்களுக்கு மருத்துவரின் கருத்தைக் கேட்ட பிறகே திட்டம் எழுத வேண்டும். சர்க்கரைக்கோ இரத்த அழுத்தத்துக்கோ மருந்து எடுக்கும் ஆசிரியர்களுக்கும் இது பொருந்தும். காலை உணவு உண்ணாமல் வந்த குழந்தையை ஓடவிடக் கூடாது. ஓட்டத்தையும் தோப்புக்கரணத்தையும் தண்டனையாகக் கொடுக்கும் பழக்கம் எங்கேனும் மிச்சமிருந்தால் அதை விட்டுவிட வேண்டும். தண்டனையாகப் பழகியதை யாரும் விரும்பிச் செய்ய மாட்டார்கள்.

தொடக்க வகுப்புகளில்

ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை எண் இலக்கு தேவையில்லை. அவர்களுக்கு விளையாட்டே பயிற்சி. நொண்டி, பாண்டி, பச்சைக்குதிரை மூன்றும் குதித்தலும் தாவுதலும் நிறைந்தவை, எலும்பை வலுவாக்குபவை. தனி இலக்குக்குப் பதில் வகுப்பு இலக்கு வைக்கலாம். 'இந்த வாரம் ஐந்து நாளும் நம் வகுப்பு 10 நிமிடம் குதித்து ஆடும்.' ஆடிய நாளுக்கு ஒரு பூ ஒட்டலாம். நான்கு, ஐந்தாம் வகுப்புக் குழந்தைகள் 'ஒற்றைக் காலில் எத்தனை எண்ணும் வரை நிற்கிறேன்' என்று தங்களையே அளந்து, அடுத்த மாதம் மீண்டும் பார்க்கலாம். தன்னோடு தானே போட்டியிடும் பழக்கம் அங்கே வேர் பிடித்தால் ஒன்பதாம் வகுப்பில் வேப்பமரத்தடி காலியாக இருக்கும்.

பத்தாம் வாரம்

கூடுதல் கட்டங்களையும் சேர்த்து, காலாண்டுத் தேர்வுக்கு முன் எல்லோரும் மீண்டும் அளந்தோம். 38 பேரில் எல்லோரும் முன்னேறிவிட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். ஏழு பேர் பாதியிலேயே விட்டிருந்தார்கள். கபடி மாணவன் 14 தண்டாலில் நின்றான். 15ஐத் தொடவில்லை என்று வருந்தினான். ஆடு மேய்க்கும் மாணவனின் விரல் கணுக்காலைத் தொட்டது.

கயிறு தாண்டும் மாணவி நிற்காமல் 47 முறை தாண்டினாள். 600 மீட்டரும் ஓடிப் பார்க்கிறேன் என்று அவளாகவே கேட்டாள். இப்போதும் கடைசி மூவரில் ஒருத்திதான். ஆனால் நிற்காமல் ஓடி முடித்தாள். ஜூன் மாத நேரத்தைவிட 50 விநாடி குறைவு. அவள் தாளை எடுத்துப் பழைய எண்ணுக்கு நேரே புது எண்ணை எழுதினாள். யாரிடமும் காட்டவில்லை. என்னிடம் மட்டும் காட்டினாள்.

என் எண்கள்: நாடி 80, நான்கு சுற்று, நாற்காலி 15 முறை. ஜனவரியில் மீண்டும் இரத்தப் பரிசோதனை செய்தேன். சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது. எடை ஒன்றரைக் கிலோதான் குறைந்தது. "எடையை விடுங்க டீச்சர், நடையை விடாதீங்க" என்றார் மருத்துவர். இப்போது 4.20க்கு மைதானத்தில் என்னோடு இன்னும் இரண்டு ஆசிரியைகள் நடக்கிறார்கள்.

ஒரு தாளை எடுங்கள். உங்கள் 24 மணி நேரத்தை எழுதுங்கள். அதில் ஒரு 10 நிமிடம் எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். கிடைத்ததும் அந்தத் தாளோடு வகுப்புக்குப் போங்கள். உங்களுக்கும் சுவரில் ஒரு வரிசை ஒதுக்கச் சொல்லுங்கள்.